பெயர் பறிக்கப்பட்டவளின் குரல்

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



சங்ககாலப் பெண்பாற் புலவர்களுள் ஒருவரை நாம் ‘பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு’ என்று அழைக்கின்றோம். புறநானூற்றின் 246 ஆவது பாட்டு அவருடையது. கணவன் மாண்டபின் தீப்புக முனைந்த தம்மைத் தடுத்த சான்றோரை நோக்கி, கைம்மை வாழ்வின் இழிவை எடுத்துரைத்து அவர் பாடிய பாட்டு அது. இரண்டாயிரம் ஆண்டுகளாகத் தமிழுலகம் அப்பாட்டைக் காப்பாற்றி வைத்திருக்கின்றது. ஆனால் பாடியவரின் பெயரை அது காப்பாற்றவில்லை. பூதப்பாண்டியனின் மனைவி, பெரிய அரசி என்னும் இரண்டு விவரங்கள் மாத்திரமே நமக்கு எஞ்சியுள்ளன. அவருடைய கோபம் நம்மிடம் இருக்கின்றது, பெயர் இல்லை.

இன்று நாம் நோக்கப்போகும் நாவலின் கதாநாயகியும் இத்தகையவளே. கனடிய எழுத்தாளர் மார்கிரட் அற்வூட் 1985 ஆம் ஆண்டு வெளியிட்ட ‘த ஹான்ட்மெயிட்ஸ் ரேல்’ என்னும் நாவலைத் தமிழில் ‘பணிப்பெண்ணின் கதை’ எனலாம். அமெரிக்காவில் ஒரு மதவாதச் சர்வாதிகாரக் குழு ஆட்சியைக் கைப்பற்றிக் ‘கீலேயாத்’ என்னும் குடியரசை நிறுவுகின்றது. சுற்றுச்சூழல் நஞ்சாகிப் பிறப்பு வீதம் வீழ்ந்துவிட்ட காலம். பிள்ளை பெறும் ஆற்றலுள்ள பெண்கள் பிடிக்கப்பட்டு, அதிகாரிகளின் வீடுகளுக்குப் பிள்ளை பெற்றுக்கொடுக்க அனுப்பப்படுகின்றனர். யாக்கோபின் மனைவி ராகேல் தன் பணிப்பெண் பில்காளைக் கணவனுக்குக் கொடுத்த விவிலியக் கதையே இதற்குச் சாஸ்திரமாக ஓதப்படுகின்றது.

ஆறாம் வேற்றுமை

அந்தப் பணிப்பெண்ணுக்கு ஆட்சி இடும் பெயர் ‘ஒஃப்பிரெட்’. ‘பிரெட்டினுடையவள்’ என்பது அதன் பொருள். பிரெட் என்பது அவள் அனுப்பப்பட்ட வீட்டு அதிகாரியின் பெயர். நாளை வேறொருவன் வீட்டுக்கு மாற்றப்பட்டால் அவனுடைய பெயர் அவள்மேல் ஏறும். இந்த வீட்டுக்கு வரும் அடுத்த பெண் ஒஃப்பிரெட் ஆவாள்.

நமது இலக்கணத்தில் ஆறாம் வேற்றுமைக்குக் கிழமைப் பொருள் உண்டு. ‘எனது கை’ என்பது தற்கிழமை. என்னிடமிருந்து பிரிக்க முடியாதது. ‘எனது வீடு’ என்பது பிறிதின்கிழமை, கைமாறக் கூடியது. ஒரு மனிதப் பிறவியைப் பிறிதின்கிழமையாக்கும் ஆட்சி எது என்பதை ஒரேயொரு பெயரினால் அற்வூட் காட்டிவிடுகின்றார்.

அகப்பாடல்களிலும் தலைவிக்குப் பெயர் இல்லையே என்று சிலர் கேட்கக்கூடும். அகத்திணை மாந்தர் ஒருவரது பெயரைச் சுட்டிக் கூறலாகாது என்பது தொல்காப்பியர் வகுத்த விதி. அது பெயரைப் பறிப்பதற்காக வகுத்த விதியன்று. எவளும் தன்னைத் தலைவியாக வைத்துப் பார்க்க இடமளிக்கும் விதி அது. கீலேயாத்தின் விதியோ எவளும் தானாக இருக்க இடமளிக்காத விதி. பெயரின்மை இரண்டிலும் உண்டு, நோக்கம் வேறு.

புதிதாகப் புனைந்தது எதுவுமில்லை

இந்நாவலை அற்வூட் 1984 ஆம் ஆண்டு மேற்கு பேர்லினில் தங்கியிருந்தபோது எழுதத் தொடங்கினார். நகரை மதில் சுற்றியிருந்த காலம். வாடகைக்கு எடுத்த ஜேர்மன் தட்டச்சு இயந்திரத்தில் எழுதினார். கிழக்கு ஜேர்மனிக்கும் செக்கோஸ்லோவாக்கியாவுக்கும் சென்று, மனிதர் வாய்திறக்க அஞ்சும் சூழலை நேரில் கண்டார். எழுதும்போது அவர் தமக்கு ஒரு கட்டுப்பாட்டை விதித்துக்கொண்டார். மனித வரலாற்றில் எங்கேனும் எப்போதேனும் நடக்காத எதனையும் கதையில் சேர்ப்பதில்லை என்பதே அது. ஆகவே இந்நாவலை வருங்காலக் கற்பனை என்று படிப்பதைவிட, வரலாற்றுத் துண்டுகளைக் கோத்த மாலை என்று படிப்பதே பொருத்தம்.

அத்துண்டுகளுட் சிலவற்றை நோக்குவோம். 1935 ஆம் ஆண்டு ஜேர்மனியில் ஹிம்லர் ‘லெபென்ஸ்போர்ன்’ என்னும் அமைப்பைத் தொடக்கினார். ‘தூய இனத்து’ப் பிள்ளைகளைப் பெருக்குவது அதன் நோக்கம். ருமேனியாவில் 1966 ஆம் ஆண்டு சௌசெஸ்கு ஆட்சி 770 ஆம் இலக்க ஆணையைப் பிறப்பித்துக் கருக்கலைப்பைத் தடைசெய்தது. எண்பதுகளில் தொழிற்சாலைகளிலே பெண்கள் கர்ப்பப் பரிசோதனைக்கு உட்படுத்தப்பட்டனர். 1989 டிசெம்பரில் அவ்வாட்சி கவிழும்வரை, மறைவான கருக்கலைப்பினால் இறந்த பெண்கள் ஏறக்குறைய பத்தாயிரம் பேர் என மதிப்பிடப்படுகின்றது. ஆர்ஜென்ரீனாவில் 1976 இல் ஆட்சியைப் பிடித்த இராணுவம், சிறையில் பிள்ளை பெற்ற பெண்களைக் கொன்று, அப்பிள்ளைகளை அதிகாரிகளின் குடும்பங்களுக்குக் கொடுத்தது. கீலேயாத்தில் பெண்கள் வாசிக்கக்கூடாது. கடைப் பலகையிலும் எழுத்து இல்லை, படம் மாத்திரமே. இதற்கும் முன்மாதிரி உண்டு. அடிமைகளுக்கு எழுதக் கற்பிப்பதைத் தென் கரோலினா 1740 ஆம் ஆண்டிலேயே சட்டத்தால் தடைசெய்திருந்தது.

நாவல் வெளிவந்த பின்னரும் வரலாறு அதன் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே இருந்தது. ஆப்கானிஸ்தானில் 1996 இல் தலிபான் ஆட்சி பெண்களைப் பள்ளியிலிருந்தும் தொழிலிலிருந்தும் வெளியேற்றியது. 2021 ஓகஸ்ட்டில் அவர்கள் மீண்டும் வந்தபின், 2022 டிசெம்பரில் பல்கலைக்கழகக் கதவுகளும் பெண்களுக்கு மூடப்பட்டன.

இவ்வகை எழுத்துக்கு அற்வூட் முதல்வர் அல்லர். கதரின் பேர்டெக்கின் என்னும் ஆங்கிலப் பெண்மணி 1937 ஆம் ஆண்டிலேயே, நாஸிகள் உலகை ஆண்டு எழுநூறு ஆண்டுகளின் பின் பெண்கள் பட்டிகளில் அடைக்கப்பட்டிருப்பதைக் கதையாக எழுதினார். நூலின் பெயர் ‘சுவஸ்திகா நைற்’. ஆனால் அது மரே கொன்ஸ்ரன்ரைன் என்னும் ஆண் பெயரிலேயே வெளிவந்தது. அவர் 1963 இல் மறைந்தார். உண்மைப் பெயரோடு நூல் மறுபதிப்பானது 1985 இல். அற்வூட்டின் நாவல் வெளியான அதே ஆண்டு!

நமது பக்கத்துக்கு வந்தால், தென்னாசியப் பெண் ஒருவர் இதே சிக்கலைத் தலைகீழாக நின்று பார்த்திருப்பதைக் காணலாம். வங்காளத்துப் பேகம் றொக்கையா 1905 ஆம் ஆண்டு ‘சுல்தானாவின் கனவு’ என்னும் ஆங்கிலக் கதையை எழுதினார். ஆண்கள் அந்தப்புரத்தில் அடைபட்டிருக்க, பெண்கள் அறிவியலால் நாட்டை ஆளும் கதை. அது முதன்முதலில் அச்சேறியது நமது அயலிலேதான். சென்னையில் கமலா சத்தியநாதன் நடத்திய ‘இந்தியன் லேடீஸ் மகஸின்’ இதழில். கொடுமையை நேரே சொல்ல முடியாதபோது கனவாகச் சொன்னார் றொக்கையா. கனவு பொய்த்த காலத்தில் அதனைக் கொடுங்கனவாகச் சொன்னார் அற்வூட்.

‘தற்காலிகம்’ என்னும் சொல்

கீலேயாத் ஒரே நாளில் வந்துவிடவில்லை. முதலில் சனாதிபதியும் பாராளுமன்றத்தினரும் கொல்லப்படுகின்றனர். அரசியலமைப்புத் ‘தற்காலிகமாக’ நிறுத்தி வைக்கப்படுகின்றது. பத்திரிகைகள் தணிக்கைக்கு உள்ளாகின்றன. மக்கள் வீட்டில் இருந்து தொலைக்காட்சி பார்க்கின்றனர். இலங்கை வாசகர் இவ்விடத்தில் சற்றுத் தரிக்காமல் செல்ல முடியாது. 1979 ஆம் ஆண்டு நமது பாராளுமன்றம் நிறைவேற்றிய பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் முழுப்பெயரிலேயே ‘தற்காலிக ஏற்பாடுகள்’ என்னும் சொற்கள் உண்டு. மூன்று ஆண்டுகளுக்கென வந்தது அச்சட்டம். 1982 இல் அது நிரந்தரமாக்கப்பட்டு, நான்கு தசாப்தங்களைக் கடந்தும் நின்றது. சொல்லகராதியில் ‘தற்காலிகம்’ என்பதற்கு ஒரு பொருள். அதிகாரத்தின் அகராதியில் வேறு பொருள்.

பின்னர் ஒரு நாள் காலையில் கதாநாயகி கடைக்குப் போகின்றாள். அவளுடைய கணக்கு இலக்கம் செல்லாது என்கிறான் கடைக்காரன். அன்று பிற்பகலே வேலையும் போகின்றது. பெண்கள் சொத்து வைத்திருக்கலாகாது. அவளது பணம் கணவனுடைய கட்டுப்பாட்டுக்குப் போய்விட்டது. கணவன் நல்லவன்தான். ‘நான் உன்னைப் பார்த்துக்கொள்வேன்’ என்று ஆறுதலும் சொல்கின்றான். அந்த ஆறுதலே அவளுக்கு அச்சத்தைத் தருகின்றது. நாவலின் மிக நுட்பமான இடம் இதுவென்பேன்.

இதனை அமெரிக்கக் கற்பனை என்று ஒதுக்க முடியுமா? தேசவழமையை எடுத்துக்கொள்வோம். 1707 ஆம் ஆண்டு ஒல்லாந்தர் காலத்தில் கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த நமது வழமைச் சட்டம் அது. மரபில் பெண்ணுக்குச் சீதனச் சொத்து உண்டு. அவ்வகையில் அது பெருமைக்குரியதே. ஆனால் 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டம் ஒரு நிபந்தனையை எழுதிவைத்தது. மணமான பெண் தன் அசையாச் சொத்தை விற்கவோ ஈடுவைக்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். காணி அவளுடையது, கையொப்பம் அவனுடையது.

வன்னியின் குடியேற்றத் திட்டக் காணிகளின் கதை இன்னொரு விதம். இரணைமடுக் குளத்து நீரை நம்பி வாழும் முரசுமோட்டை போன்ற ஊர்களில் ‘பெமிற் காணி’ என்றால் சிறுபிள்ளைக்கும் விளங்கும். 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரக் காணி அது. பின்னுரிமையாளர் நியமிக்கப்படாதவிடத்து யாருக்குக் காணி சேரும் என்று அச்சட்டத்தின் அட்டவணை ஒழுங்குபடுத்தியது. அவ்வொழுங்கில் மகனுக்குப் பின்னரே மகள், பேரனுக்குப் பின்னரே பேத்தி. இந்தப் பாகுபாடு 2022 ஆம் ஆண்டுத் திருத்தத்தினால்தான் நீங்கியது. தகப்பனோடு சேற்றில் இறங்கி நாற்று நட்ட மகளுக்கு, வீட்டில் ஓர் ஆண்பிள்ளை இருந்த ஒரே காரணத்தால் சட்டம் பின்வரிசையைக் கொடுத்திருந்தது.

போர் முடிந்த 2009 இன் பின் இந்தச் சட்ட வரிகள் உயிர்பெற்று எழுந்தன. கணவன் இறந்தானா இருக்கின்றானா என்று தெரியாத ஒரு பெண், சீதனக் காணியை ஈடுவைக்க யாரிடம் சம்மதம் கேட்பாள்? நீதிமன்றத்தை நாட வேண்டும். அதற்குச் சட்டத்தரணி வேண்டும், பணம் வேண்டும், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். கீலேயாத்தில் துப்பாக்கி செய்ததை இங்கு ஒரு படிவத்தின் வெற்றிடம் செய்தது.

அத்தைமார்

இந்நாவலில் பணிப்பெண்களைப் பழக்குவோர் ஆண்கள் அல்லர். ‘ஆன்ற்’ எனப்படும் பெண்கள். தமிழில் அத்தைமார், மாமிமார் எனலாம். அன்பான உறவுப் பெயரும் கையில் மின்சாரக் கோலுமாக அவர்கள் வருகின்றனர். பெண்ணைப் பெண்ணைக் கொண்டே அடக்குவது ஆட்சிக்கு மலிவான வழி என்பதை அற்வூட் வரலாற்றிலிருந்து கற்றிருந்தார்.

நமது கலியாண வீடுகளில் விதவையை முன்னுக்கு வராதே என்று தடுப்பது யாருடைய குரல்? பொட்டை அழிப்பது யாருடைய கை? பெருங்கோப்பெண்டு பழித்த அதே கைம்மை வாழ்வு, சட்டம் எதுவும் இல்லாமலே, பெரும்பாலும் பெண்களின் காவலிலேயே நிலைத்து நிற்கின்றது. போர் விதவையராக்கிய இளம்பெண்கள் நிறைந்த வன்னியில் இக்கேள்வியை வெறும் இலக்கியக் கேள்வியாகக் கொள்ள இயலாது.

போர்க்காலத்திலும் பெண்ணின் உடல் பிறர் கணக்கில் எழுதப்படும் பொருளாயிற்று. 2007, 2008 ஆம் ஆண்டுகளில் கட்டாய ஆட்சேர்ப்பிலிருந்து பிள்ளையைக் காப்பதற்காக, வயதுக்கு வராத திருமணங்களை வன்னிப் பெற்றோர் பலர் செய்துவைத்தனர். பள்ளிக்கூடப் பிள்ளை ஒரே மாதத்தில் மனைவியானாள். பெற்றோரைக் குறை சொல்ல எவருக்கும் மனம் வராது. ஆயினும் இரண்டு வாசல்களுள் எதற்குள் போவது என்று அந்தப் பிள்ளையைக் கேட்டவர் எவருமில்லை.

சொல்லாத சேதிகள்

இத்தகைய காலத்தைத் தமிழில் எழுதியவர்கள் இல்லையா? உண்டு. மங்களநாயகம் தம்பையா 1914 ஆம் ஆண்டிலேயே ‘நொறுங்குண்ட இருதயம்’ என்னும் நாவலில் மனைவியரின் துயரை எழுதினார். ஈழத்துத் தமிழ் நாவலின் தொடக்க காலத்திலேயே ஒரு பெண் எழுதிய நாவல் அது. 1986 ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தில் பெண்கள் ஆய்வு வட்டம் ‘சொல்லாத சேதிகள்’ என்னும் கவிதைத் தொகுதியை வெளியிட்டது. பத்துப் பெண்களின் கவிதைகள். அவர்களுட் சிலர் புனைபெயரிலேயே எழுதினர். அற்வூட்டின் நாவல் வெளிவந்த மறு ஆண்டு அது. இரு நூல்களும் ஒன்றையொன்று அறியாதவை. ஆயினும் ஒரே இருட்டில் ஏற்றிய இரு விளக்குகள் எனலாம்.

அதற்குப் பின் நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கின்றேன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் உடற்கூற்றியல் துறைத் தலைவர் ராஜினி திராணகம, 1987 ஒக்ரோபரில் தொடங்கிய இந்திய இராணுவப் போரில் பெண்கள் பட்டவற்றைத் தேடிக் கேட்டு எழுதினார். 1989 செப்ரெம்பர் 21 அன்று அவர் வீதியில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் இணைந்து எழுதிய ‘முறிந்த பனை’ அதன் பின்னரே நூலாயிற்று. ‘சொல்லாத சேதிக’ளில் எழுதிய சிவரமணி, 1991 மே 19 அன்று, இருபத்திரண்டு வயதில், கைக்கெட்டிய தன் கவிதைகளை எரித்துவிட்டுத் தன்னையும் மாய்த்துக்கொண்டார். அதே ஆண்டு ஓகஸ்ட் 30 அன்று செல்வி என்னும் செல்வநிதி விடுதலைப் புலிகளால் கைதுசெய்யப்பட்டார். அவர் வவுனியா மாவட்டத்துச் சேமமடுவைச் சேர்ந்தவர்; பல்கலைக்கழகத்தில் நாடகமும் அரங்கியலும் பயின்றவர்; ‘தோழி’ என்னும் பெண்கள் இதழை நடத்தியவர். 1992 இல் பென் எழுத்தாளர் அமைப்பின் விருது அவருக்கு அளிக்கப்பட்டபோது அதனைப் பெற அவர் வரவில்லை. பின்னரும் வரவில்லை.

இரண்டு ஆண்டுகளுக்குள் மூன்று பெண்கள். எழுதியவர்கள். ஒரு வாசகன் எந்தத் தரப்பை ஆதரித்தவனாயினும், இந்த மூன்று பெயர்களையும் ஒருசேர உச்சரிக்கும்போது கீலேயாத் தூரத்து நாடு என்று சொல்ல மாட்டான்.

பரந்தனில் பிறந்து, புலிகளின் மகளிர் அரசியற்றுறைப் பொறுப்பாளராயிருந்த தமிழினியின் ‘ஒரு கூர்வாளின் நிழலில்’ அவர் மறைந்த பின், 2016 இல் வெளிவந்தது. கடுமையான விவாதங்களையும் எழுப்பிற்று. அதிகாரத்தின் உள்ளிருந்தவளின் வாக்குமூலத்தை எவ்வாறு வாசிப்பது என்னும் கேள்வியை அற்வூட்டும் 2019 இல் வெளியிட்ட ‘த ரெஸ்ரமென்ற்ஸ்’ நாவலில் எழுப்புகின்றார். அங்கு இரகசியமாக எழுதுபவள் ஓர் அத்தை. இரண்டையும் சமப்படுத்த நான் முனையவில்லை. எல்லாச் சாட்சியத்தையும் கவனத்தோடு கேட்கவேண்டும். கேட்பதற்கு முன்பே தீர்ப்பை எழுதிவிடக் கூடாது என்பது மாத்திரமே எனது துணிபு.

முப்பது ஒலிநாடாக்கள்

நாவலின் இறுதிப் பகுதியே வரலாறு கற்போருக்கு மிகவும் வேண்டியது. கதை முடிந்துவிட்டது என்று எண்ணும்போது, 2195 ஆம் ஆண்டில் நடக்கும் ஓர் ஆய்வரங்குக்கு அற்வூட் நம்மை அழைத்துச் செல்கின்றார். கீலேயாத் அழிந்து நெடுங்காலமாயிற்று. பியெக்ஸோற்றோ என்னும் பேராசிரியர் உரையாற்றுகின்றார். ஒஃப்பிரெட்டின் கதை எழுத்தில் கிடைத்ததன்று என்பது அப்போதுதான் நமக்குத் தெரியவருகின்றது. இராணுவத்தார் பயன்படுத்தும் ஓர் இரும்புப் பெட்டிக்குள் முப்பது வரையான கசற்றுக்கள். தொடக்கத்தில் பாட்டு, பின்னர் ஒரு பெண்ணின் குரல். எழுதத் தடைவிதிக்கப்பட்டவள் பேசி வைத்திருக்கின்றாள்.

பேராசிரியர் கல்விமான், பண்பானவரும்கூட. ஆனால் அவர் நகைச்சுவை சொல்லிச் சபையைச் சிரிக்கவைக்கின்றார். கீலேயாத்தைத் தீர்ப்பிட அவசரப்படலாகாது என்கின்றார். அவருடைய அக்கறை முழுவதும் அந்த அதிகாரி பிரெட் யார் என்பதிலேயே இருக்கின்றது. அவனுடைய ஆவணங்கள் சில பக்கங்களேனும் கிடைத்திருக்கக் கூடாதா என்று ஏங்குகின்றார். முந்நூறு பக்கம் தன் உள்ளத்தைத் திறந்து பேசியவளின் பெயரை அறிய அவரால் முடியவில்லை. அது பெரிய குறையாகவும் அவருக்குப் படவில்லை. அவளை முதலில் கீலேயாத் பெயரற்றவளாக்கியது. இரண்டாவது முறை அதனைச் செய்வது வரலாற்றுத்துறை.

வரலாற்றாசிரியர் மீது அற்வூட் வைத்த இந்தக் குற்றச்சாட்டு நமக்கும் உரியது. படை நகர்வுகளையும் தலைவர்களையும் பற்றி நூல்கள் பல உண்டு. 2008 இன் கடைசியிலிருந்து பரந்தன் முல்லைத்தீவு வீதி வழியே கிழக்கே நகர்ந்த பெண்கள் எதைச் சமைத்தார்கள், எங்கே பிள்ளை பெற்றார்கள், எதனைப் புதைத்துவிட்டுச் சென்றார்கள் என்பதற்கு எத்தனை நூல்கள்? காணி உறுதிகளும் குடும்பப் படங்களும் ஒலிநாடாக்களும் ட்றங்குப் பெட்டிகளோடு போயின. எஞ்சியிருப்பது நினைவு மாத்திரம். நினைவுக்கு வயது உண்டு.

ஆர்ஜென்ரீனாவில் 1977 ஏப்ரல் 30 அன்று பதினான்கு தாய்மார் தலைநகரின் மே சதுக்கத்தில் கூடினர். வெள்ளைத் துணியைத் தலையில் கட்டி, பிள்ளைகளின் பெயர்களைச் சொல்லிச் சுற்றி நடந்தனர். பின்னர் பாட்டிமாரும் அமைப்பாகித் திருடப்பட்ட பேரப்பிள்ளைகளைத் தேடினர். நூற்றுக்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டுத் தத்தம் உண்மைப் பெயர்களை அறிந்துகொண்டனர். நமது கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20 அன்று கந்தசுவாமி கோவில் முன்றலில் தாய்மார் அமர்ந்தனர். அவர்கள் கையில் இருந்தவையும் படங்களும் பெயர்களும்தாம். அவர்களுட் பலர் விடை கிடைக்காமலே மறைந்துவிட்டனர். பெயரைச் சொல்வது எத்துணை பெரிய செயல் என்பதை இத்தாய்மாருக்கு எந்த நாவலும் கற்பிக்க வேண்டியதில்லை. நாவல் கற்பிக்க வேண்டியது நமக்கு.

எனவே இலக்கியம் விரும்பும் நேயர்களிடம், குறிப்பாக மாணவர்களிடம், ஒன்றை வேண்டுகின்றேன். வீட்டில் உள்ள அம்மம்மாவையும் அப்பம்மாவையும் பேசவிடுங்கள். கையில் உள்ள தொலைபேசியே ஒலிப்பதிவுக் கருவி. தலைவர்களைப் பற்றிக் கேட்க வேண்டாம். அவர்களைப் பற்றியே கேளுங்கள். பதிவின் தொடக்கத்தில் திகதியைச் சொல்லுங்கள், ஊரைச் சொல்லுங்கள். அவர்கள் விரும்பினால் முழுப் பெயரையும் அவர்கள் வாயாலேயே சொல்லவையுங்கள். இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்று நிறுத்திவிட வேண்டாம்.

அற்வூட்டின் பேராசிரியர் தம் உரையின் முடிவில், கேட்பதற்கு ஏதும் உண்டா என்று சபையை நோக்குகின்றார். நாவல் அந்த இடத்தில் நின்றுவிடுகின்றது. சபையோர் எதைக் கேட்டனர் என்று அற்வூட் சொல்லவில்லை. அவளுடைய பெயர் என்ன என்று எவராவது கேட்டிருந்தால், அந்த ஆய்வரங்கு வேறுவிதமாகத் தொடங்கியிருக்கும்.